மின்பூட்டும் கதவும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் மலைப்பாதை உங்களிற் பலருக்குப் பழக்கமானதே. அப்பகுதித் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையின் வாயிலைக் காப்பவர் ஒரு காவற்காரர். வருகின்றவரின் முகத்தை அவர் நோக்குகிறார். அறிந்த முகமாயின் பூட்டைத் திறக்கிறார். முகத்தைக் காண்பது உள்ளே வரும் செய்தி. பூட்டைத் திறப்பது வெளியே செல்லும் கட்டளை. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதனின் அறிவு நிற்கிறது.

இன்று பல தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் இந்தக் காவலை ஒரு மின்கருவி ஏற்றுக்கொண்டிருக்கிறது. அக்கருவிக்குச் செய்தி கொண்டுவரும் கம்பிகளை உள்ளீடுகள் என்றும், அதன் கட்டளையைக் கொண்டுசெல்லும் கம்பிகளை வெளியீடுகள் என்றும் வழங்குவர். இக்கம்பிகளை இணைக்கும் முறையில் மனித உயிர் தங்கியிருக்கிறது. அதைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உள்ளீடுகள் பெரும்பாலும் நான்கு. அட்டையையோ விரல் ரேகையையோ படிக்கும் கருவி ஒன்று. கதவு மூடியிருக்கிறதா என்பதை அறிவிக்கும் காந்த ஆளி மற்றொன்று. உள்ளிருந்து வெளியேறுவோர் அழுத்தும் பொத்தான் மூன்றாவது. தீயறிவிப்புக் கருவியிலிருந்து வரும் செய்தி நான்காவது. வெளியீடுகளில் முதன்மையானது, ரிலே என்னும் மின்காந்த ஆளியின் வழியாகப் பூட்டுக்குச் செல்வது. ஆபத்தை அறிவிக்கும் மணிக்கோ சங்கிற்கோ செல்வது அடுத்தது.

இனி, பூட்டுகளில் இருவகை உண்டு. ஒன்று, மின்சாரம் நின்றாலும் பூட்டியே இருப்பது. மற்றொன்று, மின்சாரம் நின்றவுடன் திறந்துகொள்வது. கதவின் மேற்சட்டத்திற் பொருத்தும் காந்தப்பூட்டு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பன்னிரண்டு வோல்ற்று மின்னோட்டத்தில் இயங்கும் சாதாரணக் காந்தப்பூட்டு ஒன்று ஏறத்தாழ 600 இறாத்தல் இழுவையைத் தாங்கி நிற்கும். ஓட்டம் அறுந்தால் அது வெறும் இரும்பே.

மலைநாட்டிலே இடியும் மழையும் மின்தடையும் புதியன அல்ல. ஆகவே, “மின்சாரம் நின்றால் கதவு திறந்துகொள்ளுமாயின், களஞ்சியத் தேயிலையின் கதி என்ன?” என்று நிருவாகத்தினர் கேட்பது இயல்பு. அக்கேள்வி நியாயமானதே. ஆனால் அதை மட்டும் கேட்டுக் கதவை அமைத்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றிலே ஒரு சான்று உண்டு. 1911 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆந் தேதி, நியூயோர்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. தொழிலாளர் எதையும் எடுத்துச் செல்லாதவாறு பைகளைச் சோதிப்பதற்காக, ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து, ஒன்பதாம் மாடியின் மற்றொரு கதவைப் பூட்டியிருந்தார்கள். அந்தத் தீயில் 146 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

கொழுந்து வாட்டும் மேல்மாடியையும், கீழே அடுப்பு எரியும் உலர்த்தும் பகுதியையும் கொண்ட நம் தேயிலைத் தொழிற்சாலைகளை இங்கு நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் பொருளைக் காக்கப் பூட்டு வேண்டும்; ஆளைக் காக்க வழியும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெற முடியும். வெளியிலிருந்து பூட்டியிருந்தாலும், உள்ளிருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் மின்சாரத்தின் உதவியின்றியே திறக்கும் பூட்டுகள் உள்ளன. ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கு அவையே சிறந்தவை.

காந்தப்பூட்டையே பொருத்துவதானால், வெளியேறும் பொத்தான் கருவியிடம் விண்ணப்பம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. பூட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் தானே நேராக அறுக்க வேண்டும். கருவி பழுதடைந்து கிடந்தாலும் கதவு திறக்க வேண்டுமல்லவா? தீயறிவிப்பின் இணைப்பும் அவ்வாறே. இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. மின்தடைக் காலத்துக்கென மின்கலம் ஒன்றை வைத்துவிட்டு, தீயறிவிப்பைக் கொண்டு பிரதான மின்சாரத்தை மட்டும் துண்டிக்கிறார்கள். மின்கலமோ பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கிறது! துண்டிக்கும் இடம் மின்கலத்துக்கும் பூட்டுக்கும் இடையே இருத்தல் வேண்டும்.

களவைத் தடுப்பதிலும் கம்பிக்குப் பங்குண்டு. கதவு மூடியிருக்கையில் காந்த ஆளியின் வழியே ஓட்டம் இருக்கும்படி அமைத்தால், எவரேனும் கம்பியை அறுத்தாலும் கருவி உணரும். ஆனால் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், கதவு மூடியிருப்பதாகவே அது ஏமாறும். இதற்குப் பரிகாரமாக, கதவருகே ஆளியோடு ஆயிரம் ஓம் தடையிகள் இரண்டை, ஒன்றைத் தொடராகவும் மற்றொன்றை ஆளிக்குக் குறுக்காகவும் இணைப்பர். இந்த ஏற்பாட்டை அளந்தறியும் கருவிக்கு, கதவு மூடியிருந்தால் ஆயிரம் ஓம், திறந்தால் இரண்டாயிரம் தெரியும். முறுக்கினால் சுழியம், அறுத்தால் அளவற்ற தடை. தடையிகளைக் கருவிப் பெட்டிக்குள்ளேயே இணைத்துவிட்டால் இந்தப் பயன் முழுவதும் கெட்டுவிடும். பூட்டை இயக்கும் ரிலேயும் கட்டடத்தின் உள்ளேயே இருக்க வேண்டும். வெளிச்சுவரிலுள்ள படிப்பானுக்குள் அது இருந்தால், படிப்பானைக் கழற்றுகிறவன் கதவையும் திறந்துவிடலாம்.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியபோது, வீடிழந்த மக்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலையே புகலிடமாயிற்று. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண்சரிவு பல குடும்பங்களை வீடற்றவர்களாக்கியது. ஊவா மலைகளில், இன்று கொழுந்து கிடக்கும் மண்டபத்தில் நாளை குழந்தைகள் உறங்க நேரலாம். ஆகவே, ஒரு தொழிற்சாலைக் கதவுக்குக் கம்பி இணைக்கிறவர் அவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவாக ஒன்று. வேலை முடிந்ததென்று மின்வேலைக்காரர் சொன்னதும் கூலியைக் கொடுத்துவிடாதீர்கள். பிரதான மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மின்கலத்தின் பலத்தில் கதவு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கருவியையும் செயலறச் செய்து, உள்ளே நின்று பொத்தானை அழுத்துங்கள். தீயறிவிப்பையும் இயக்கிப் பாருங்கள். இரண்டு தடவையும் கதவு திறந்ததாயின், மனநிறைவோடு கூலியைக் கொடுங்கள். திறக்கவில்லையாயின், அன்றிரவு அந்தக் கதவுக்குப் பின்னால் எவரையும் வேலைக்கு விடாதீர்கள்.