விலையில்லாக் கல்வியும் அருகிருக்கும் ஆசிரியரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இணையத்தின் வாயிலாகக் காசின்றிப் படிக்கலாம் என்று இளைஞர் நாம் சொல்லும்போது பெரியோர் சிலர் புன்னகை செய்கின்றனர். இலவசமாகக் கிடைப்பது கல்வியாகுமா என்பது அவர்கள் ஐயம். 1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் எதிர்ப்பு இருந்தது. அக்கல்வியின் பயனாகவே நான் இன்று சர்வகலாசாலையில் இருக்கின்றேன். எனினும் பெரியோரின் ஐயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை.

அமெரிக்காவிலுள்ள மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் தன் பாடக்குறிப்புக்களை உலகுக்கு இலவசமாக வழங்கப்போவதாக 2001இல் அறிவித்தது. 2012இல் மின்சுற்றுக்களும் இலத்திரனியலும் பற்றிய பாடநெறி ஒன்றைப் பரீட்சையுடன் நடத்திற்று. ஏறத்தாழ 1,55,000 பேர் பெயர் பதிந்தனர். தேறியவர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை! ஆயினும் பெயர் பதிந்தோர் யாவரும் படிக்க வந்தவரல்லர். தேர் பார்க்க வந்து கடலை வாங்கிக்கொண்டு திரும்புவோர் எங்கும் உளர்.

அந்தப் பரீட்சையில் முழுப்புள்ளி பெற்றோருள் மொங்கோலியாவின் தலைநகரான உலான்பாத்தரைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவன் ஒருவனும் இருந்தான். பின்னர் அந்நிறுவகமே அவனை மாணவனாக ஏற்றுக்கொண்டது. கணினி ஒன்றே போதும், ஆசிரியர் வேண்டாம் என்பதற்கு இவனை உதாரணங் காட்டுவோர் பலர். அவர்கள் சொல்லாது விடுவது ஒன்றுண்டு. அவனுடைய பாடசாலை அதிபர் அதே நிறுவகத்திற் படித்தவர். அங்கே பயின்ற இன்னொருவரையும் அவர் வரவழைத்தார். வந்தவர் ஆய்வுகூடக் கருவிகளைக் கொண்டுவந்து மாணவர் குழுவொன்றுக்குச் செய்முறை கற்பித்தார். பாடம் கடல் கடந்து வந்தது. ஆசிரியரோ பக்கத்தில் இருந்தார்.

துணையில்லாத இடத்தில் நடந்ததையும் பாருங்கள். 2013இல் கலிபோர்னியாவின் சன் ஹோசே அரச சர்வகலாசாலை ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து இணையவழிக் கணித வகுப்புக்களைத் தொடங்கியது. தேறியோர் தொகை நேர்முக வகுப்பைவிட மிகக் குறைந்தது. சில மாணவர் வீட்டில் கணினியே இல்லையென்பது பிறகுதான் தெரிந்ததாம். அவ்வாண்டு யூலையில் முயற்சி இடைநிறுத்தப்பட்டது. செல்வ நாட்டிலேயே இந்நிலை.

பணமும் மெல்ல நுழைந்தது. 2012இல் ஹாவாட் சர்வகலாசாலையும் மசாச்சுசெற்ஸ் நிறுவகமும் இலாப நோக்கமின்றித் தொடங்கிய எட்எக்ஸ் 2015இன் முடிவில் இலவசச் சான்றிதழை நிறுத்தியது. 2021இல் அது 80 கோடி டொலருக்கு ஒரு வர்த்தக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆனால் 2001இல் அறிவித்த பாடக்குறிப்புக்கள் இன்றும் இலவசமே. சான்றிதழ் மட்டும் கிடையாது. எனக்கு அது பெருங்குறையாகப் படவில்லை. அவை ஆங்கிலத்தில் இருப்பதுதான் நம் கிராமத்துப் பிள்ளைக்கு முதல் தடை.

ஓய்வுபெற்ற கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் இச்சபையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். நமது வாசிகசாலையில் வாரம் இரண்டு மாலை, ஒரு கணினியைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் இருந்து படிக்க எண்ணியிருக்கின்றோம். ஆங்கிலம் தடுக்குமிடத்தில் தமிழில் விளக்க ஒருவர் வேண்டும். இசைவுள்ள பெரியோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் தங்கள் பெயரைக் கொடுத்துதவுமாறு பணிவுடன் வேண்டுகின்றேன்.