பெயரெச்சமும் காற்புள்ளியும்



ஆங்கிலத்தினின்று பெயர்க்கப்பெறும் அறிவிப்புகளில் பெயரெச்சத்தை அடுத்துக் காற்புள்ளி இடுவார் உளர். 'வெள்ளத்தால் வீடிழந்த, உழவர்க்கு உதவித்தொகை வழங்கப்பெறும்' என்பது அவர்தம் நடை. இஃது ஆங்கிலத்தார் வழக்கு. அம்மொழியில் பெயரை விளக்கும் தொடர் பெயருக்குப் பின்னே வரும். அதன் இருபுறமும் காற்புள்ளி நின்றால், உழவர் அனைவரும் வீடிழந்தார், அனைவர்க்கும் உதவி. நில்லாவிடின், வீடிழந்தார்க்கு மட்டுமே. எத்துணைப் பேர் சோறு இக்குறியில் தொங்குகிறது!

தமிழுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. செந்தாமரை என்பதில் செம்மை வெண்டாமரையை விலக்கும். அஃது இனஞ்சுட்டிய அடை. செஞ்ஞாயிறு என்பதில் விலக்குதற்கு வேறு ஞாயிறு இல்லை. அஃது இனஞ்சுட்டா அடை. பின்னது வழக்கிற்கன்று, செய்யுட்கே உரியது எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். நன்னூலார் ஈரிடத்தும் இருவகையும் வரலாம் என நெகிழ்த்தினார். காற்புள்ளியே இல்லாத ஓலைக் காலத்து ஆய்வு இது!

குறிகள் அச்சோடு மேலையர்வழி வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அவற்றைத் தம் உரைநடையில் செவ்வனே ஆண்டார். வந்ததைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆயினும் தமிழில் எச்சத்தின்பின் நிற்கும் காற்புள்ளிக்கு வேறொரு பணி உண்டு. 'நேற்று வந்த ஆசிரியரின் தம்பி' என்றால், வந்தவர் ஆசிரியர் என்றே முதலிற் படும். 'நேற்று வந்த, ஆசிரியரின் தம்பி' என்றால், வந்தவர் தம்பி. அடுத்துள்ள பெயரைத் தாண்டி அப்பாலுள்ள பெயரைத் தழுவுக என்பதே அக்குறியின் ஏவல். 'வீடிழந்த, உழவர்க்கு' என்பதில் தாண்டுதற்குப் பெயரே இல்லை. குறி வெறுங் கீறலாய்க் கிடக்கிறது. அனைவர்க்குமா, சிலர்க்கா என்பதும் விளங்கவில்லை.

பின் எங்ஙனம் பிரிப்பது? சொல்லால் பிரிக்க வேண்டும். 'உழவருள் வீடிழந்தார்க்கு மட்டும்' என்க. அன்றேல், 'உழவர் அனைவரும் வீடிழந்தனர். அவர்க்கு உதவித்தொகை வழங்கப்பெறும்' என்க. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் ஊர்ப்புறத்தில் காற்புள்ளி எவர் காதிலும் விழாது, 'மட்டும்' விழும்.

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் இயற்றப்பெற்றது. இன்றும் 'சட்ட நுட்பத்திற்குத் தமிழ் போதாது' என்பார் வாய் ஓயவில்லை. ஆங்கிலப் படியை முன்வைத்துக் குறிக்குக் குறி பெயர்க்கும் அலுவலர்களே அவ்வாய்க்குத் தீனி இடுகின்றனர். அறிவிப்பு முதற்கண் தமிழில் எழுதப்படட்டும். யாவர்க்கு உரியது, யாவர்க்கு இல்லை என்பதை எழுதுமுன் கேட்டறிந்து, அதற்குரிய சொல்லைத் தொடரிலேயே வைக்கட்டும். அதன்பின் வேண்டுவோர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துக் காற்புள்ளி இட்டுக்கொள்க.