கடைசி வீட்டுக்குப் போகும் வண்டி

எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்க நம்மைப் போன்ற குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக எடுத்தார்கள். எங்க குழுவிலிருந்து நான் போனேன்.

முதலில் நடைதான். பிரஷர் மெஷின், சுகர் மெஷின், மாத்திரை, நோட்டு எல்லாம் தோளில் தொங்கும். வெயில் ஏறுவதற்குள் பாதி வீடுகூட முடியாது. அதனால் குழுவில் கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டர் எடுத்தேன். கடையில் பார்க்க அழகா இருந்தது. சீட்டுக்கு அடியில் பை வைக்கலாம்னு சந்தோஷம். போற பாதையை நான் யோசிக்கவே இல்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியம்மா இருக்காங்க. வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விளங்காது. மகன் திருப்பூரில் வேலை. ஐப்பசி மழையில் வண்டியோட சின்னச் சக்கரம் கரைக் களிமண்ணில் புதைஞ்சு சாய்ஞ்சிருச்சு. தனியா தூக்க முடியல. நாளைக்குப் போவோம்னு திரும்பிட்டேன். மறுநாளும் மழை. மூணாம் நாள் போனப்போ, மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பிரஷர் 190. "நீ வருவேன்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன் பாப்பா"ன்னாங்க. உடனே நர்ஸுக்குப் போன் பண்ணி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். நல்லவேளை, ஒண்ணும் ஆகல. ஆனா அந்த வார்த்தை என்னைத் தூங்க விடல.

ஸ்கூட்டரை நஷ்டத்துக்கு வித்தேன். தோட்டை அடகு வச்சு பழைய டி.வி.எஸ். எக்ஸெல் ஒண்ணு வாங்கினேன். "பால்காரன் வண்டியா?"ன்னு மாமியார் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். சக்கரம் பெரிசு, வண்டி லேசு. விழுந்தாலும் நானே தூக்கிடுவேன். பை முன்னாடி, என் கண் எதிரிலேயே இருக்கும். சுகர் பார்க்கிற ஸ்டிரிப்பை 30 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்கக்கூடாதுன்னு டப்பாவிலேயே போட்டிருக்கு. சீட்டுக்கு அடியில் இன்ஜின் சூடு ஏறும்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. இப்போ ஈரத்துணி சுத்தின சின்ன டப்பாவுக்குள், நனையாமல் கவரில் போட்டு வைக்கிறேன்.

பேட்டரி வண்டியும் விசாரிச்சேன். ஓட்டுற செலவு குறைவு. ஆனா பழுதானா பார்க்க எங்க ஊரில் ஆள் இல்லை. எக்ஸெல்லுக்குத் தெருமுனையிலேயே மெக்கானிக் இருக்கார்.

வண்டிக் கடன் கேட்கிற சகோதரிகளுக்கு ஒண்ணு சொல்றேன். மெயின் ரோட்டைப் பார்த்து வண்டி எடுக்காதீங்க. உங்க ஏரியாவில் கடைசி வீட்டுக்கு, மழைநாளில், பையோட போக முடியுமான்னு பாருங்க. தெரிஞ்சவங்க வண்டியை வாங்கி ஒருநாள் ஓட்டிப் பாருங்க. லைசென்ஸ் எடுங்க, ஹெல்மெட் போடுங்க. கடன் கொடுக்கும்போது நம்ம கூட்டமைப்பும் இதைக் கேட்கணும்னு கேட்டுக்கறேன்.

தோடு இன்னும் அடகுலதான் இருக்கு. தை மாசம் மீட்டிடுவேன். பெரியம்மா வீட்டுக்கு மட்டும் ஒரு தடவைகூட மாத்திரை தவறல.