கரியில் எழும் முழுநிலா



நிலவை வரையப் புகும் நம் பதுளைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் தேடுவது மஞ்சள் வர்ணத்தை. நாமும் அன்று அப்படித்தான் அப்பினோம். பார்த்தவர் ரொட்டியா என்று கேட்டார்! வட்டத்தைத் தொடாமல் வெறுந்தாளாகவே விட்டு, சுற்றிலும் அடுப்புக்கரியைத் தேய்த்துப் பாருங்கள். விளிம்பருகே மெல்லியதாக, விலக விலகக் கருமையாக. அடியில் நமுனுகுல மலையை இன்னும் கருப்பாக நிறுத்துங்கள். ருசிய ஓவியர் குயின்ஜி 1880இல் தினீப்பர் ஆற்று நிலவை இருட்டறையில் காட்டியபோது, படத்தின் பின்னே விளக்குண்டோ என்று சிலர் தேடினராம். வானத்து நிலவும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. சூழ்ந்த இருளே அதனை வெண்மையாகக் காட்டுகிறது. வர்ணப்பெட்டி இல்லையென்று பிள்ளை அழுதால், வரும் பௌர்ணமியன்று ஒரு கரித்துண்டோடு லயத்து இஸ்தோப்புக்கு அழைத்து வாருங்கள்.