குமிழியும் கணினியும்

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953இல் திறப்பு விழா நடந்தது.

அங்கே ஆராயப்படும் அறிவியலின் அரிச்சுவடியை நம் வகுப்பறையிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் சிறிது ஆப்பச் சோடாவைக் கரையுங்கள். இருபுறமும் சீவிய பென்சில்கள் இரண்டை நிறுத்தி, மேல் முனைகளை 9 வோல்ட் பேட்டரியுடன் ஒயரால் இணையுங்கள். இரண்டு பென்சில் முனையிலும் குமிழிகள் கிளம்பும். எதிர்முனையில் அதிகம், அது ஹைட்ரஜன். நேர்முனையில் குறைவு, அங்கே ஆக்சிஜன்.

ஏன் இந்த வேறுபாடு? இங்கேதான் கணினி கைகொடுக்கிறது. ஒரு நீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் அணு இரண்டு, ஆக்சிஜன் அணு ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த அணுக்கள் பிரிந்து சேருவதைத் திரையில் நிறுத்தி நிதானமாகக் காட்டலாம்.

இப்படித் திரையில் காட்ட வழிகள் உண்டு. 2018 முதல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. கைபேசியில் ஸ்கேன் செய்தால் காணொளிப் பாடம் திறக்கும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபெட்' தளத்தில், கணினியிலேயே செய்து பார்க்கும் சோதனைகள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆசிரியர்களே, முதலில் பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு கையால் செய்யட்டும். அதன்பின் திரையைக் காட்டுங்கள். கேள்வி பிறந்த பிறகு பார்க்கும் படம்தான் மனத்தில் நிற்கும்.