பதின்மூன்று வயதிலும் எழுத்துக்கூட்டும் நம் பையன்கள்

(பொன்விழாக் கூட்டத்தில் சங்கத்தின் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)





ஐம்பதாண்டு வரலாற்றைப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். சுங்காயில் வியாபாரம் செய்யும் எங்களுக்குக் கல்வியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வில் நிறைய 'ஏ' வாங்கிய பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான். மேடைக்கு வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பையன்கள் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் சிலருக்கு மலாய்ப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க வராது. இன்று அவர்களைப் பற்றித்தான் பேச வந்தோம்.

இது நம் ஊரோடு நிற்கும் குறையில்லை. பிசா என்ற அனைத்துலக ஆய்வில் 15 வயது மலேசிய மாணவர்களின் வாசிப்புப் புள்ளி 2018இல் 415. 2022இல் அது 388ஆக இறங்கியது. நம் நாட்டிலும் சரி, ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் சரி, வாசிப்பில் பையன்கள்தான் பின்தங்குகிறார்கள்.

வாசிக்கத் தெரியாதவன் இடைநிலைப்பள்ளி வரை எப்படிப் போனான் என்று பெரியவர்கள் கேட்கிறீர்கள். இங்கே வயது ஏறினால் வகுப்பும் ஏறும். 2010இல் அரசாங்கம் தொடங்கிய லீனுஸ் திட்டம் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்தது. ஒன்பது வயதில் விடுபட்டவனைப் பிறகு யார் தேடுவது? தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மலாய் போதவில்லை என்றால் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு உண்டு. நம் பிள்ளைகளில் பலர் தேசியப்பள்ளி. நேரே படிவம் ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள். யு.பி.எஸ்.ஆர். 2021இலும் பி.டி.3 2022இலும் எடுக்கப்பட்டுவிட்டன. அவை போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் பள்ளிக்கு வெளியே இருந்து வரும் முதல் பொதுத்தேர்வு முடிவு இப்போது 17 வயதில் எஸ்.பி.எம்.மோடுதான் வீட்டுக்கு வருகிறது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. பக்கத்தில் பெஹ்ராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா பாலிடெக்னிக் இருந்தும் அவனுக்குப் பயனில்லை.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்கப்படும் பையன் கெட்டிக்காரன். வாட்ஸ்அப்பில் எழுதமாட்டான், குரல்பதிவுதான். உணவகத்தில் ஆர்டரை எழுதமாட்டான். ஆறு மேசைக்குச் சொன்னதை மனத்திலேயே வைத்திருப்பான். நாமும் 'என்ன ஞாபகசக்தி' என்று மெச்சிவிட்டுப் போய்விடுவோம். வாசிக்கச் சொன்னால் கண் வலிக்கிறது என்பான். (கண்ணையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். சிலருக்கு உண்மையிலேயே கண்ணாடிதான் தேவை.) மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற தொண்டு நிறுவனத்திடம் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரே தாளில் எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறானோ அங்கிருந்து சொல்லித்தருகிறார்கள். வயதையும் வகுப்பையும் பார்ப்பதில்லை.

நமக்கு இது புதிதா? நம் பிள்ளைகள் ஓதப் பழகும் இக்ரா புத்தகமே அப்படித்தானே! இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அஸ்அத் ஹுமாம் உருவாக்கிய ஆறு பாகங்கள். உஸ்தாஸ் முன்னால் ஒவ்வொருவராக உட்காருகிறார்கள். ஒருவன் ஐந்தாம் பாகத்தில் இருப்பான், அவனைவிட மூத்தவன் இரண்டாவதில் இருப்பான். யாரும் சிரிப்பதில்லை. பக்கம் சரியாக வந்த பிறகுதான் அடுத்த பக்கம். மலாய்ப் பாடத்தில் திணறும் அதே பையன் இங்கே அரபு எழுத்தைக் கூட்டி ஓதிவிடுகிறான். அவனுக்கு மண்டையில் ஏறாது என்று எப்படிச் சொல்வது?

மலாய்ப் பாடத்தில் அவனை மடக்குவது பெரும்பாலும் நீளச் சொற்கள். 'மெம்பெர்தங்கோங்ஜவாப்கான்' என்று ஒரு சொல். எழுத்தெழுத்தாகப் போகிறவன் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுவான். முன்னும் பின்னும் ஒட்டியிருப்பதைக் கையால் மறைத்துக் காட்டினால் நடுவில் 'தங்கோங்', 'ஜவாப்' இரண்டும் நிற்கும். ஜவாப் நம் வீட்டுச் சொல்லாயிற்றே. கிதாப், வக்து எல்லாம் அப்படித்தான். 'கெடாய்' நம் கடை, 'கப்பால்' நம் கப்பல். பாதிச் சொற்களை அவன் ஏற்கனவே அறிந்தவன் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்ட வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியருக்கு அதற்கு நேரமில்லை.

அதனால்தான் சங்கத்தின் மேல்மாடி அறையை வாரம் இரண்டு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கேட்கிறோம். ஒரு பையனுக்கு ஒரு பெரியவர், இருபது நிமிடம். அந்தப் பெரியவர் முடிந்தவரை ஆணாக இருக்கட்டும். வாசிப்பது அம்மாவும் டீச்சரும் செய்யும் வேலை என்று பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாப்பாவோ மாமாவோ விரலால் வரியைத் தொட்டு வாசிப்பதை அவர்கள் பார்த்ததில்லை. பந்து விளையாட்டுச் செய்தி, மோட்டார் சைக்கிள் கையேடு, எது பிடிக்கிறதோ அதை வாசிக்கட்டும். தஞ்சோங் மாலிமில் 1922இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். அங்கே பயிற்சி பெறும் மாணவர்களை வரவழைத்து, எப்படி உட்கார்ந்து சொல்லித்தருவது என்று முதலில் நாம் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றைச் சொன்னால் சிலர் கோபிப்பீர்கள். கடைக்கு ஆள் கிடைப்பதில்லை. எங்களுக்கும் அதே கஷ்டம்தான். 'படிப்பு வராதவன், தொழிலாவது பழகட்டும்' என்ற பேச்சு முதலாளிக்கு லாபமான பேச்சு. பையனுக்கு எவ்வளவு லாபம்? 2024 ஆகஸ்ட்டிலிருந்து மின்விலைப்பட்டியல் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், பேங்க் கடிதம் எதையும் வாசிக்காமல் கடை நடத்த முடியாது. கல்லாவில் உட்காரும் மகன் கையெழுத்துப் போடும் தாளை இன்னொருவன் வாசித்துச் சொல்ல வேண்டும் என்றால் கடை யாருடையது? பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கச் சட்டத்திலும் இடமில்லை. வகுப்பு இருக்கும் அந்த இரண்டு மாலையில் மட்டுமாவது, பதினேழு வயது வரை உள்ள எந்தப் பையனையும் கடைக்குக் கூப்பிடாமல் இருப்போம். எங்கள் கடைகளில் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம்.

பெரிய செலவில்லை. புத்தகமும் தேநீரும் எங்கள் பொறுப்பு. பையன்களின் பெயர்களை எந்த மேடையிலும் படிக்கமாட்டோம். வாப்பாமார்கள் செயலாளரிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லித்தர முன்வருகிறவர்களும் அவரிடமே பெயர் கொடுக்கலாம். வரும் திங்கட்கிழமை மஃரிபு முடிந்ததும் அறை திறந்திருக்கும்.