பிள்ளைகளிடம் மறைக்கப்படும் வரலாறு



சமயத்தின் கடந்த காலத்தைப் பற்றிப் பிள்ளை கேட்கும் கடினமான கேள்விக்கு மறுப்பு, மௌனம், உண்மை என்னும் மூன்றில் ஒன்றே பதிலாகக் கிடைக்கின்றது. இம்மூன்றின் விளைவுகளையும் அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சமூகத்தாரின் வரலாற்றில் காணலாம்.

1830இல் அத்திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், பலதார மணத்தை இறைகட்டளை எனக் கூறி இரகசியமாக நடைமுறைப்படுத்தினார். 1844இல் அவர் கொல்லப்பட்டார். பிரிகம் யங்கின் தலைமையில் யூட்டாவில் குடியேறியோர் 1852இல் அதனைப் பகிரங்கப்படுத்தினர். அரசாங்கச் சட்டங்களின் நெருக்குதலினால், 1890இல் தலைவர் வில்போர்ட் வூட்ரப் அதனைத் தவிர்க்குமாறு அறிவித்தார்.

இதனைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு போதித்தனர்? 1860இல் ஸ்மித்தின் மகனைத் தலைவராகக் கொண்ட பிரிவினர், நிறுவனர் அதனைச் செய்யவேயில்லை என்று தலைமுறைகளாக மறுத்தனர். பின்னர் அவர்களின் வரலாற்றாசிரியர்களே மாற்றுச் சான்றுகளை ஏற்க நேர்ந்தது.

யூட்டாவின் பெரிய திருச்சபையோ மௌனத்தை நாடியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களை மணந்த பிரிகம் யங்கைப் பற்றி 1997இல் அது வெளியிட்ட பாடநூலில் அவருடைய பலதார மணங்கள் இடம்பெறவில்லை. இணையம் பரவியபோது இளைஞர்கள் யாவற்றையும் பிறரிடமிருந்து அறிந்தனர். “எங்களிடம் ஏன் மறைத்தீர்கள்?” என்பதே பலரின் வேதனையாயிற்று.

2014இல் அத்திருச்சபை தானே கட்டுரை வெளியிட்டது. ஸ்மித்தின் மனைவியர் முப்பது முதல் நாற்பது பேர் வரை இருக்கலாம் என்பதையும், ஒருவர் பதினைந்து வயது நிறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் மணம் முடிக்கப்பட்டதையும், முதல் மனைவி எம்மா அடைந்த பெருந்துயரையும் அது ஏற்றுக்கொண்டது. ஆயினும், பிள்ளைப் பருவத்திலேயே கேட்டிருக்க வேண்டியதைப் பலர் நடுவயதில்தான் கேட்டனர்.

அன்பின் பெற்றோர்களே! பலதார மணம் பற்றிய கேள்வி நம் வீடுகளிலும் எழுவதே. சிறு பிள்ளைக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்; வளர்ந்த பிள்ளைக்கு விரிவாகச் சொல்லுங்கள்; ஆனால் எந்த வயதிலும் பொய் சொல்லாதீர்கள். ஆண்களின் நியாயங்களை மட்டும் கூறி, பெண்கள் சுமந்த துயரை விட்டுவிடாதீர்கள். “எனக்குத் தெரியாது, தேடிப் பார்ப்போம்” என்று கூறுவதிலும் இழிவில்லை.

பிள்ளையின் நம்பிக்கை நம்மிடமுள்ள ஓர் அமானிதம். கசப்பான உண்மையை நம் வாயால் கேட்கும் பிள்ளை, அடுத்த கேள்வியையும் நம்மிடமே கொண்டு வரும்.